மஞ்சள் சட்டைத் துண்டில் முடிந்த நேர்த்தி

என் மகனுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். சின்னதில் அவனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அ எழுதினான், ஆ எழுதினான், இனாவுக்கு வருமுன்னமே அவன் கைக்குப் பந்து வந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். எனக்கும் எழுத்துப் பெரிதாக ஓடாது. மூன்றாம் வகுப்போடு வீட்டில் மறித்துப்போட்டார்கள். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

பந்து என்றால் எங்கட ஆட்கள் காலால் அடிக்கிற பந்து என்று நினைப்பார்கள். இது வேறு. உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அமெரிக்கக்காரரின் விளையாட்டு. ஃபுட்போல் என்றுதான் அதற்கும் பேர், ஆனால் கைக்குத்தான் வேலை. சுவிசிலும் அதற்கு அணிகள் இருப்பது சுவிஸ்காரரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. லுசேர்ண் பக்கத்து அணி ஒன்றில் என் மகன் பதினெட்டு வருடம் நடுவில் நின்று பந்து எறிந்தான். குவாட்டர்பாக் என்று சொல்லுவார்கள். அவன் வாய் திறவாமல் மற்றப் பத்துப் பேரும் அசைய மாட்டார்கள். பந்து அவன் கைக்கு வந்தால் எறிவதற்கு மூன்று நாலு மூச்சு நேரம்தான். அதற்குள் எதிர்ப்பக்கத்து ஆட்கள் மலைமாடுகள் மாதிரி அவனை விழுத்த ஓடி வருவார்கள்.

முதல் தரம் பார்த்துவிட்டு வந்து கேட்டேன்.

"ஏன் மோனை உன்னை மட்டும் எல்லாரும் துரத்துறாங்கள்? நீ என்ன களவெடுத்தனியே?"

"பந்து என்னட்டை இருக்கு அம்மா."

"அப்ப குடுத்துப்போட்டு வாவன்."

அதைச் சொல்லிச் சொல்லி அவனுடைய கூட்டாளிகள் பத்து வருடம் சிரித்தார்கள்.

அவனுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. கரண்ட் வேலை செய்கிறான். கலியாணம் கட்டவில்லை. பெண் பார்க்கப் போகிற நாளெல்லாம் மட்ச் நாளாக இருந்தது, பிறகு பார்க்கவே போகவில்லை. அவனுடைய அப்பா போய் ஆறு வருடம். நானும் அவனும் நாலாம் மாடியில் மூன்று அறை வீட்டில் இருக்கிறோம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் முதலில் இருந்தது டாவோசில். ஹோட்டல் குசினியில் அவர் கோப்பை கழுவினார். நான் அதே ஹோட்டலில் விரிப்புகள் தோய்க்கிற அறையில் பதினைந்து வருடம் நின்றேன். வந்த புதிதில் மேற்பார்வைக்காரி ஒருத்தி மற்றவளிடம், "அவளுக்கு வாசிக்கத் தெரியாது, விளங்காது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தளவு ஜெர்மன் அப்போதே எனக்கு விளங்கும். அவள் இரத்தம் என்று எழுதி ஒட்டி வைத்திருந்த மேசை விரிப்பை எடுத்துப்போய் அவள் முன்னால் விரித்தேன். மூக்கில் வைத்து மணந்து பார் என்றேன். பீட்ரூட். கறை எது, எந்தத் தண்ணீருக்குப் போகும், எதற்குப் போகாது என்று சொல்ல அந்த ஹோட்டலில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று பிறகு அவளே சொன்னாள். விளங்காதவள் என்று அதற்குப் பிறகு என்னை ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

அதனால் மகனுடைய சட்டையை வேறு ஒருத்தரும் தொட நான் விடுவதில்லை. அணியின் நிறம் மஞ்சள். மஞ்சளில் புல்லுக் கறை பிடித்தால் லேசில் போகாது. இரண்டு வருடமாக இன்னொரு சட்டையும் அதே பையில் வரத் தொடங்கியது. அது மகனுக்கு அடுத்ததாக நிற்கிறவனுடையது. இருபத்துமூன்று வயது, மாட்டுப் பண்ணைக்காரரின் மகன், நல்ல சுவிஸ்காரப் பிள்ளை. படிக்க வந்து ஒரு சின்ன அறையில் இருக்கிறான், தோய்க்க மெஷின் இல்லை. அவனை இளையவன் என்று எழுதுகிறேன். என் மகனுக்கு ஏதும் நடந்தால் எறிவதற்காக மட்ச் முழுக்கக் கரையில் நிற்பது அவனுடைய வேலை. மகனுடைய சட்டை மண்ணும் புல்லுமாக வரும். இளையவனுடையது மடிப்புக் கலையாமல் வரும். தோய்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் தோய்ப்பேன். தோய்க்காமல் திருப்பிக் கொடுத்தால் அவன் மனம் நோகும் அல்லவா.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பந்தை எறிந்து முடிந்த பிறகு இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவன் எழும்பவில்லை. எறிகிற கை, வலத்தோள். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். ஒப்பரேஷன் மூன்று மணித்தியாலம். அதற்கு முன்னம் டாக்டர் என்னிடம் மெல்ல மெல்லச் சொன்னார், எனக்கு விளங்கவேண்டும் என்று. கை பழையபடி தூக்குமோ என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

எங்கட ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆபத்து வந்தால் மஞ்சள் துணியில் ஒரு குத்திக் காசு முடிந்து, இதைத் தா, நான் அதைச் செய்கிறேன் என்று சாமிக்கு நேர்ந்து வைப்போம். காரியம் நடந்தால் சொன்னதைச் செய்துவிடவேண்டும். செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. அதுதான் கூடுதல் பயம்.

அந்த வெள்ளைக் கொரிடோரில் மஞ்சள் துணிக்கு நான் எங்கே போவேன்? மடியில் பை இருந்தது. பைக்குள் மஞ்சள் சட்டை இருந்தது. கீழ்க்கரையில் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தேன். கைப்பையில் கிடந்த இரண்டு பிராங்க் குத்தியை அதில் முடிந்தேன்.

"முருகா, அவன்ர கை தூக்கவேணும். அவன் சட்டை போடவேணும், சீப்பெடுத்துத் தலை இழுக்கவேணும், சோத்தை வாயிலை வைக்கவேணும். அது போதும். அவன் இனி அந்தப் பந்தை எறிய மாட்டான். இது என்ர வாக்கு."

என்ர வாக்கு என்றேன். கை அவனுடையது, பந்தும் அவனுடையது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிள்ளைக்கு மொட்டை போடுகிறேன் என்று தாய் நேர்கிறாள், பிள்ளையைக் கேட்டா நேர்கிறாள்? என் பிள்ளைக்கு நாற்பது வயது வரப்போகிறது என்பதை அந்தக் கொரிடோரில் நான் மறந்துபோனேன்.

முடிச்சைக் கொண்டுவந்து குசினிச் சுவர்த் தட்டில் இருக்கிற முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். மிச்சச் சட்டையை என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். சட்டை எங்கே என்று அவன் கேட்டபோது ஆஸ்பத்திரிக்காரர் எறிந்துபோட்டார்கள் என்றேன்.

ஐப்பசியில் ஒரு காலை அவன் அறையிலிருந்து தானாகச் சட்டை போட்டு, தலை இழுத்துக்கொண்டு வந்தான். நாலு மாதம் நான் போட்டுவிட்ட சட்டை. வாசலில் நின்று கையைத் தலைமட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

"பாத்தனீங்களே அம்மா? மாசிக்குள்ளை எறிவன்."

முருகன் தன் பக்கத்தைச் செய்துபோட்டார். நான் வாய் திறந்திருக்க வேண்டிய நாள் அதுதான். "புட்டு அவியுது" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லுவது முந்தின நாளை விடக் கஷ்டமாக வந்தது. இங்கே கார்த்திகை பிறந்தால் ஏரிக்கு மேல் பனிப்புகார் வந்து மூடிவிடும். கிழமைக்கணக்கில் சூரியனைக் காணமாட்டோம். வெளியே ஐஸ், எனக்கு நடக்கப் பயம். வீட்டுக்குள் அவனும் நானும் அந்தப் படமும்தான். அவன் மேசையில் இருந்து ஒரு றப்பர் பட்டியை இழுத்து இழுத்துத் தோளைப் பழக்குவான். ஒவ்வொரு இழுவைக்கும் எனக்கு அந்த முடிச்சு இறுகுகிற மாதிரி இருக்கும். தேத்தண்ணி போடத் தட்டுப் பக்கம் போனால் படத்தைப் பார்க்காமல் சீனியை எடுப்பேன்.

தை பிறந்ததும் ட்ரெயினர் வீட்டுக்கு வந்தார். அவர்களுடைய அணியைப் பழக்குகிறவர், பெரிய தாடிக்காரர். பால் விட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மகனிடம் நேராகக் கேட்டார். இவர்கள் ஜெர்மனில் கதைப்பதை நான் என் பேச்சில் எழுதுகிறேன்.

"வாறியோ, இல்லையோ? ஒரு கதிரைக்கு ரெண்டு பேரை நான் வச்சிருக்கேலாது."

"வாறன்," என்றான் மகன்.

"கை?"

"நல்லாயிருக்கு."

"அப்ப இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை விளையாட்டு ஹோலிலை வந்து எறிஞ்சு காட்டு. எல்லாரும் வருவினம். நீ எறிஞ்சால் இடம் உன்ரதான். அதுவரைக்கும் இளையவனுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். பதினெட்டு வருசத்துக்கு அந்த மரியாதை."

மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் இளையவன் அகப்பட்டுப்போனான். அந்தக் கிழமை அவன் வந்தான், மகன் இல்லாத நேரம் பார்த்து. வீட்டில் செய்த சீஸ் ஒரு துண்டு கொண்டுவந்தான். அவன் என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அது என் பேர் என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தவன்.

புட்டும் முட்டைப் பொரியலும் சம்பலும் வைத்தேன். தலை குனிந்து சாப்பிட்டான்.

"பாசல் பக்கத்து ரீம் ஒண்டு என்னைக் கேக்குது அம்மா. மாசம் முடியமுன்னம் பதில் சொல்லவேணும்."

"போறியோ?"

"அவர் வாறாரெண்டால் போறன். கோவத்திலை இல்லை. எனக்குக் காட்டித் தந்ததே அவர்தான், அவருக்கு முன்னாலை நான் நிக்கேலாது. ஆனா நான் போய், அவராலையும் ஏலாமல் போனால், இங்கை எறிய ஆளில்லை."

"அவனைக் கேளன்."

"கேட்டனான். கை நல்லாயிருக்கு எண்டுறார். எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறார்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்கள் ஒரே வீட்டிலை இருக்கிறியள். உண்மையா அந்தக் கை எப்பிடி?"

"இன்னும் கொஞ்சம் சம்பல் போடவோ?" என்றேன்.

உறைப்பில் அவன் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "போடுங்கோ," என்றான். போகும்போது வாசலில் நின்று சிரித்தான். "என்ர சட்டையாலை உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே அம்மா. ரெண்டு வருசம் தோய்ச்சியள், ஒரு நாளும் ஒரு கறை காட்டினனானோ?"

பகிடியாகத்தான் சொன்னான்.

இந்த நாட்டில் மாடி வீடுகளில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தோய்க்கிற அறை நிலத்துக்குக் கீழே இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். என்னுடைய நாள் வியாழன். அந்தக் கிழமை கீழ் வீட்டுச் சுவிஸ் ஆச்சி தனக்கு விருந்தாட்கள் வருகிறார்கள், வியாழனைத் தா, செவ்வாயை எடு என்று கேட்டா. இருபது வருடத்தில் அவ என்னிடம் கேட்ட முதல் உதவி. சரி என்றேன். மகனுக்குச் சொல்ல நினைக்கவில்லை. அவன் செவ்வாய் பின்னேரங்களில் தெரப்பிக்குப் போகிறவன்.

செவ்வாய் பின்னேரம் நான் கீழே உடுப்புக் காயப்போடுகிற அறையில் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றேன். அந்த அறைக் கதவு நிலவறையில் ஆள் நடக்கிற நீள ஓடைக்குத் திறக்கும். ஓடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டாரும் சாமான் வைக்கிற மரக்கதவுகள், நம்பர் போட்டபடி. கடைசியில் யுத்தம் வந்தால் ஒளிக்கக் கட்டிய அறையின் கொங்கிறீட் கதவு. லிஃப்ட் வந்து நின்றது. காலடிச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஈர விரிப்புகளுக்கு நடுவால் பார்த்தேன். மகன் எங்கள் சாமான் அறையிலிருந்து பழைய மெத்தையை இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கொங்கிறீட் கதவில் சாத்தினான். திரும்பி லிஃப்ட் பக்கம் வந்து நின்றான். பையிலிருந்து பந்தை எடுத்தான்.

கூப்பிட்டிருக்கலாம். நான் இங்கை நிக்கிறன் மோனை என்றால் முடிந்திருக்கும். கூப்பிடவில்லை. அவன் முகத்தை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எறிகிறவன் மாதிரி இருந்தான்.

எறிந்தான். பந்து போய் நிலத்தில் விழுந்து உருண்டது. மெத்தைக்குப் போகவில்லை. எடுத்து வந்து திரும்ப எறிந்தான். நான் கதவு நம்பர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடையில் பன்னிரண்டு கதவு. பந்து எட்டாம் நம்பரைத் தாண்டவில்லை. முந்தி அரை மைதானத்துக்கு எறிந்த கை அது. ஒவ்வொரு எறிக்கும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சூடு பட்டவன் மாதிரி. கை தோளுக்கு மேல் போகும், தலைமட்டம் போகும், அதற்கு மேல் ஒரு மணிக்கட்டளவும் போகாது. அதில் வந்து நிற்கும்.

தலை இழுக்கிற மட்டம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கேட்டதைச் சாமி அளந்து தந்துவிட்டார். சட்டை போட, தலை இழுக்க, சோறு தின்ன. அது போதும் என்று வாயால் சொன்னது நான்தானே. டாவோசில் சந்தைக்காரனிடம் ஒரு கிலோ தக்காளிக்கு அரை மணி நின்று விலை பேசினவள், பிள்ளையின் கைக்கு இவ்வளவு குறையக் கேட்டுவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் அவன் எறிந்தான். ஒரு மணித்தியாலம் நான் ஈர விரிப்புக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்தால் அவன் என்னைக் காண்பான். காண்பது மட்டும் இல்லை, நான் கண்டதையும் காண்பான். கால் நொந்தது, இருமல் வந்தது, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவன் போய் அந்த மெத்தையில் சாய்ந்து நிலத்தில் இருந்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனான்.

நான் கூடையோடு மேலே வந்தபோது அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"இண்டைக்குச் செவ்வாயெல்லோ. ஏன் தோய்ச்சனீங்கள்?"

"கீழ் வீட்டு ஆச்சி நாளை மாத்தினவ. காலமை போட்டது, இப்பதான் போய் எடுத்தனான்."

அவன் கூடையைப் பார்த்தான். விரிப்பு இன்னும் ஈரம்.

"தெரப்பி எப்பிடி மோனை?"

"நல்லாயிருக்கு."

இனி என்ன செய்வது? சனிக்கிழமை அவன் ஹோலுக்குப் போவான். பதினெட்டு வருடம் அவன் சொல்லுக்கு அசைந்தவர்கள் சுற்றி நிற்க, பந்து அவன் காலுக்கு முன்னால் விழும். இளையவன் கண்ணை வேறு பக்கம் திருப்புவான். நான் கண்டேன், போகாதே என்று சொல்லலாம். சொன்னால் அந்த ஓடையில் அவன் தனியாக இருந்த ஒரு மணித்தியாலத்தையும் நான் பறித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வேலைக்குப் போன பிறகு, பஸ் எடுத்து, ரயில் எடுத்து, ஓல்டனில் மாறித் திரிம்பாக் கோயிலுக்குப் போனேன். பூசை முடிய ஐயரிடம் கேட்டேன்.

"ஐயா, பிள்ளைக்காகத் தாய் வச்ச நேர்த்தியை மாத்தலாமோ?"

"என்ன நேர்த்தி அம்மா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுசன். "மாத்தலாம். பெரிய விசயமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் தன்ர வாயாலை, எனக்கு இதிலையிருந்து விடுதலை தா எண்டு கேக்கட்டும். ஒரு அபிஷேகம் செய்துவிட்டால் சரி. முருகன் என்ன வட்டிக்காரனே?"

அந்தப் பதிலுக்காகத்தான் ஏழு மாதம் பயந்துகொண்டிருந்தேன். கிடைத்த பிறகு அது எனக்கு உதவவில்லை. திரும்பி வருகிற ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். கட்டை அவிழ்த்துவிட்டால் அவனுக்கு எறிய அனுமதி வரும், கை வராது. வீட்டுக்கு வந்து சேரும்போது என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

நாலு மணிக்கு அவன் வந்தான். சப்பாத்துக் கழற்ற முன்னமே படத்துக்குப் பின்னாலிருந்த முடிச்சை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது என்னணை?"

"பார்."

கையில் எடுத்துத் திருப்பினான். கரை நூலைக் கண்டுபிடித்தான். "இது என்ர சட்டை."

"ஓம். ஒப்பரேஷன் நேரம் நேர்ந்தனான். உன்ர கை தூக்கினால் நீ இனிப் பந்து எறியமாட்டாய் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தட்டும் என்றும் இருந்தது. அவன் கதிரையை இழுத்து இருந்தான்.

"என்னைக் கேக்காமல்."

"நீ மயக்கத்திலை கிடந்தாய்."

"பேந்து எழும்பினனான்தானே அம்மா. ஏழு மாசம்." முடிச்சை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தான். "எவ்வளவு உயரத்துக்குத் தூக்கவேணும் எண்டு கேட்டனீங்கள்?"

"சட்டை போட," என்றேன். "தலை இழுக்க."

அவன் சிரித்தான். சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யன்னல் பக்கம் போய் வெளியே புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை மாத்தேலாதோ?"

"ஏலாது," என்றேன். காலமைதான் ஐயர் மாற்றலாம் என்று சொன்னவர். அதே வாயால் சொன்னேன்.

அவன் போனை எடுத்தான். எனக்கு முன்னாலேயே ட்ரெயினரைக் கூப்பிட்டான். "நாளைக்கு நான் வரேல்லை. அம்மா சாமிக்குச் சத்தியம் செய்துபோட்டா, நான் எறியக்கூடாதாம். ஓம், உண்மையா. இல்லை, கை நல்லாயிருக்கு. அம்மான்ர சொல்லுக்கு மேலை நான் போகேலாது. எங்கட ஆக்கள் அப்பிடித்தான். இளையவனைப் போகவிடாதேங்கோ, அவன் எறிவான்."

கதைக்கக் கதைக்க அவனுடைய தோள் இரண்டும் இறங்கிக்கொண்டு வந்தன, மூட்டையை இறக்கி வைக்கிற ஆள் மாதிரி. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நாளும் அவனும் வெளியே வரக் கதவு தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கதவு திறந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய ஆள் நான் என்பது எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை.

சித்திரையில் முதல் மட்ச். நான் வரவில்லை என்றேன். "வாங்கோ," என்றான், விடவில்லை. குளிர் வெயில். இளையவன் நடுவில் நின்று எறிந்தான். நன்றாகத்தான் எறிந்தான், இரண்டு தரம் விழுந்து மண்ணில் புரண்டு எழும்பினான். மகன் கரையில் ஆட்டம் எழுதின மட்டை ஒன்றைப் பிடித்தபடி நின்று கத்திக்கொண்டிருந்தான். சனம் அவனைக் கண்டு கை தட்டியது. ஒரு கிழவன் எழும்பி நின்று தொப்பியைக் கழற்றினான். எறிந்து காட்ட முடியாமல் போன ஆளுக்குத் தொப்பி கழற்ற மாட்டார்கள்.

எனக்குப் பின் வரிசையில் இரண்டு பெண்கள், விளையாடுகிறவர்களின் மனைவிமார்.

"அதுதான் தாய்."

"இன்னும் ரெண்டு வருசம் விளையாடியிருப்பார் பாவம். கை சுகம்தானாம்."

"அதுக்கென்ன செய்யிறது. அந்த மனிசிக்கு விளங்காது."

முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். டாவோசில் என்றால் விரிப்பை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். திரும்பி அவர்களுக்கு ஜெர்மனில் ஒரு வசனம் சொல்ல எனக்குத் தெரியும். எட்டாம் நம்பர் கதவு என்று ஒரு சொல் போதும். பையை மடியில் வைத்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இடைவேளையில் ட்ரெயினர் எங்கள் பக்கம் வந்தார். மகனும் அவருக்குப் பின்னால் வந்தான்.

"அம்மா," என்றார், கோபமா பகிடியா என்று தாடிக்குள் தெரியவில்லை. "உங்கட சாமி எங்களிட்டை இருந்து பெரிய ஆளை எடுத்துப்போட்டார். கேட்டுப் பாக்கேலாதோ? கொஞ்சமும் விட்டுத் தர மாட்டாரோ அவர்?"

பின் வரிசையில் கதை நின்றது. மகன் என் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு நாளில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. ஈரக் கூடை அவனுக்கு ஞாபகம் இருந்ததோ, இல்லையோ, நான் கேட்கப் போவதில்லை.

"நைன்," என்றேன், இல்லை என்று ஜெர்மனில். "அவர் கடுமையான ஆள்."

ட்ரெயினர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மகன் குனிந்து அவிழ்ந்திருந்த சப்பாத்து நூலைக் கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்து, வலக்கையால் தலைமயிரை ஒருக்கால் கோதிவிட்டு, கரைக்குத் திரும்பி நடந்தான்.